பாதாள ரயில் நிலையம்: மாளிகையா, கூடமா?

மாஸ்கோ மாநகரின் பாதாள ரயில் வழியில் அக்தியாபர்ஸ்கயா என்ற ஒரே பெயரில் இரண்டு நிலையங்கள் இருக்கின்றன. ஒன்றில் இறங்கி, படிகளையும் நடைவழியையும் கடந்து, மற்றொன்றில் ஏறிக்கொள்ளலாம். முதல் நிலையம் 1950-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் திறக்கப்பட்டது. சலவைக்கல் பதித்த தடித்த தூண்கள், வெற்றியைக் கொண்டாடும் சிற்பங்கள், சுடர் ஏந்திய விளக்குகள். கூடத்தின் கோடியில் வேலைப்பாடு மிகுந்த ஒரு கம்பிக் கதவு. அதற்கு அப்பால் நீல ஒளி. விடியற்காலை வானம் தெரிவது போலிருக்கும். மண்ணுக்கு அடியில் வானம் ஏது? சிறிய மாடம் ஒன்றில் நீல ஒளியை நிரப்பிக் காட்டும் உபாயம் அது. இரண்டாவது நிலையம் 1962-இல் திறக்கப்பட்டது. அங்கே சிற்பம் இல்லை, கதவு இல்லை, வானமும் இல்லை. சுவர், கூரை, விளக்கு, நடைமேடை, அவ்வளவே.

இரண்டுக்கும் இடையே 12 ஆண்டுகள். அதே நாடு, அதே அரசு, ஏறத்தாழ அதே பொறியாளர்கள். அப்படியிருக்க இத்தனை பெரிய மாறுதல் எதனால் நேர்ந்தது?

1954-ஆம் ஆண்டு டிசம்பரில் கட்டுமானத் துறையினர் கூடிய மாநாட்டில் குருஷ்சேவ் அலங்காரக் கட்டடங்களைக் கடுமையாகச் சாடினார். 1955 நவம்பர் 4-ஆம் நாள், வடிவமைப்பிலும் கட்டுமானத்திலும் மிகைகளை ஒழிப்பது பற்றிய அரசாணை வெளியாயிற்று. அது வெறும் பொது அறிவுரை அன்று. கலைஞர்களைப் பெயர் சொல்லிக் குற்றஞ்சாட்டியது. மேலே நாம் கண்ட நீல வான நிலையத்தை வடிவமைத்த லியோனித் பல்யாகோவும் அவர்களுள் ஒருவர். லெனின்கிராட்ஸ்கயா என்னும் உயர்ந்த ஓட்டல் கட்டடத்துக்காக அவர் பெற்றிருந்த ஸ்டாலின் பரிசு பறிக்கப்பட்டது. தூணுக்குக் கூடுதலாகச் சலவைக்கல் பதித்ததற்கு ஒருவர் பரிசை இழந்த கதை கட்டடக் கலை வரலாற்றில் அடிக்கடி காணக் கிடைப்பதன்று.

இங்கே இரு கொள்கைகள் மோதுகின்றன. கட்டடம் காண்பவரிடம் பேச வேண்டும். அச்சமோ பெருமிதமோ மகிழ்ச்சியோ ஏதோ ஓர் உணர்ச்சியை எழுப்ப வேண்டும் என்பது ஒன்று. இதனை உணர்ச்சிப் பாணி என்போம். கட்டடம் எதற்குப் பயன்படுகிறதோ அதற்கு வேண்டிய வடிவம் மட்டும் போதும். எந்தப் பொருளால் கட்டினோமோ அதை மறைக்காமல் காட்டினால் போதும் என்பது மற்றொன்று. இதற்கு நவீனப் பாணி என்று பெயர் நிலைத்துவிட்டது. கலை விமரிசகர்கள் இவ்விரண்டையும் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். நான் கட்டடக் கலைஞன் அல்லன். கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். எனவே என் கேள்வி வேறு. தரைக்கு அடியில் ஒரு கூடம் நிற்க வேண்டும். அங்கே வெளிச்சம் வேண்டும். ஒலிபெருக்கியில் சொல்வது காதில் விழ வேண்டும். இறங்க வேண்டிய இடம் இதுதான் என்று பயணி அறிய வேண்டும். இவற்றை எந்தப் பாணி எவ்வாறு செய்கிறது?

முதலில் கூடம் நிற்பதைப் பார்ப்போம். மாஸ்கோவின் மாயகோவ்ஸ்கயா நிலையம் தரையிலிருந்து சுமார் 33 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. ஈர மண்ணின் எடை கன மீட்டருக்கு ஏறத்தாழ 2 டன். ஆகவே கூரையின் ஒவ்வொரு சதுர மீட்டரின் மேலும் 66 டன் மண் நிற்கிறது என்று ஒரு முரட்டுக் கணக்குப் போடலாம். முரட்டுக் கணக்கு என்று சொல்லக் காரணம் உண்டு. மண் துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, தம் எடையில் ஒரு பங்கைப் பக்கங்களுக்குக் கடத்திவிடும். ஆனாலும் பொறியாளர் அஞ்ச வேண்டிய சுமைதான் அது.

இத்தகைய ஆழத்தில் அக்காலத்தில் வழக்கமாகச் செய்தது என்ன? மூன்று வட்டச் சுரங்கங்களை அருகருகே தோண்டுவார்கள். இரு ஓரங்களில் ரயில், நடுவில் மக்கள். சுரங்கங்களுக்கு இடையே வீட்டுச் சுவரைவிடப் பன்மடங்கு தடித்த கட்டைச் சுவர்களை விட்டு, அங்கங்கே வழி திறப்பார்கள். சுமையைத் தாங்க அது நல்ல ஏற்பாடு. ஆனால் உள்ளே நிற்பவருக்குக் குகையில் அகப்பட்டுக்கொண்டது போல இருக்கும்.

அலெக்சி துஷ்கின் என்ற கட்டடக் கலைஞர் இந்தக் கட்டைச் சுவர்களை விலக்கிவிட்டு எஃகுத் தூண்களை நிறுத்தினார். செங்கற் சுவர் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 10 கிலோகிராம் எடையைத் தாங்கும் என்றால், எஃகு 1,000 கிலோகிராமுக்கும் மேல் தாங்கும். எனவே தூண் நூறில் ஒரு பங்கு பரப்பிலேயே அடங்கிவிடும். தூண்களுக்கு மேலே நீளவாக்கில் எஃகு உத்திரங்கள் ஓடுகின்றன. கூரையின் வளைவுகள் அவற்றின் மேல் அமர்கின்றன. 1938 செப்டம்பரில் இந்நிலையம் திறக்கப்பட்டபோது மக்கள் கண்டது, மூன்று குகைகளை அன்று, ஒரே பெரிய மண்டபத்தை. ஆழத்தில் கட்டப்பட்ட தூண் நிலையங்களில் உலகிலேயே முதலாவது இது என்பர். வளைவுகளின் மேல் நெளி நெளியான துருவேறா எஃகுப் பட்டைகளைப் பொதிந்திருக்கிறார்கள். உள்ளே சுமை தாங்குவது எஃகு. வெளியே மின்னுவதும் எஃகு. இதை அலங்காரம் என்பதா, உண்மை பேசுவது என்பதா? நவீனப் பாணிக்காரர் எவரும் இதில் குறை காண முடியாது.

கூரையில் முட்டை வடிவக் குழிவுகள் வரிசையாக அமைந்திருக்கின்றன. ஒவ்வொன்றின் உச்சியிலும் அலெக்சாந்தர் தெய்னெகா வரைந்த வண்ணக்கல் ஓவியம் ஒன்று பதிந்திருக்கிறது. இன்று நாம் காண்பவை 34. எல்லாவற்றுக்கும் பொருள் ஒன்றே: சோவியத் வானத்தின் ஒரு முழு நாள். விமானங்கள், பாராசூட்டில் இறங்குவோர், பறவைகள், பூத்த மரக்கிளைகள். ஓவியத்தைப் பார்க்க வேண்டுமானால் நேர் கீழே நின்று தலையை அண்ணாந்து நோக்க வேண்டும். சாய்ந்த கோணத்தில் குழிவின் விளிம்பு மறைத்துவிடும். ரயிலுக்கு ஓடும் பயணிக்கு இந்த ஓவியங்கள் தெரியவே தெரியா; காத்திருப்பவருக்கு மட்டுமே தெரியும். 1939-இல் நியூயார்க்கில் நடந்த உலகக் கண்காட்சியில் இந்நிலையத்தின் மாதிரி ஒன்றைச் சோவியத் அரங்கில் வைத்தார்கள். இரண்டே ஆண்டுகளில் போர் வந்தது. வானத்தைப் பற்றிய ஓவியங்களின் கீழே, வானிலிருந்து விழும் குண்டுகளுக்கு அஞ்சி மக்கள் ஒதுங்கினார்கள்.

இனி 1955-க்குப் பின் வருவோம். அரசாணைக்குப் பிறகு மாஸ்கோவில் கட்டிய நிலையங்களுக்கு மக்கள் வைத்த பட்டப் பெயர் பூரான் என்பதாகும். ரஷ்ய மொழியில் பூரானுக்கு வழங்கும் சொல்லின் நேர்ப் பொருள் ‘நாற்பது கால்’. இந்நிலையங்களில் இரண்டு வரிசைத் தூண்கள், வரிசைக்கு 40. தூணுக்குத் தூண் 4 மீட்டர். ஆழமாகச் சுரங்கம் தோண்டவில்லை. மேலிருந்தே பள்ளம் வெட்டி, தொழிற்சாலையில் வார்த்துக் கொண்டுவந்த கான்கிரீட் துண்டுகளை அடுக்கி, மேலே மண்ணைத் தள்ளி மூடிவிட்டார்கள். சுவருக்குக் குளியலறையில் ஒட்டுவது போன்ற பீங்கான் ஓடு.

ஏன் 40 தூண்? 20 போதாதா? இதற்கு விடை நம் கல்லூரி ஆய்வுக்கூடத்திலேயே இருக்கிறது. இரு கத்தி முனைகளின் மேல் மீட்டர் சட்டத்தை வைத்து, நடுவில் எடையைத் தொங்கவிட்டு, அது எவ்வளவு தாழ்கிறது என்பதை நகரும் நுண்ணோக்கியால் அளக்கும் சோதனையை மாணவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கத்தி முனைகளுக்கு இடையே உள்ள தூரத்தை இரு மடங்காக்கினால் தாழ்வு எட்டு மடங்காகும். நடுவில் ஒரே எடை தொங்கும்போதுதான் இந்தக் கணக்கு. கூரையின் மேல் மண் பரவலாகக் கிடக்கும்போது, இடைவெளி இரட்டித்தால் உத்திரம் சுமக்கும் மண்ணும் இரட்டிக்கிறது. தாழ்வு பதினாறு மடங்காகிவிடும். உத்திரத்தை முறிக்கப் பார்க்கும் வளைவுத் திருப்புத்திறன் நான்கு மடங்காகும். ஆகவே தூண்களை 4 மீட்டருக்கு ஒன்றாக நெருக்கமாக நட்டால் உத்திரம் மெலிதாக இருக்கலாம். பாரந்தூக்கி எளிதில் தூக்கிவைக்கலாம். ஒரே அச்சில் நூற்றுக்கணக்கில் வார்க்கலாம். நம் கோயில்களில் கல் உத்திரம் போட்ட மண்டபங்களில் தூண்கள் நெருங்கி நிற்பதும் இதே கணக்கால்தான். கல்லும் வார்ப்புக் கான்கிரீட்டும் இழுவிசைக்கு அஞ்சுபவை.

எனவே பூரான் நிலையத்தை அழகுணர்ச்சி அற்றவர்களின் வேலை என்று ஒதுக்கிவிடக் கூடாது. அது ஒரு சமன்பாட்டின் நேரான விளைவு. அன்றைய மாஸ்கோவில் குடும்பங்கள் பல, ஒரே வீட்டின் அறைகளைப் பங்கிட்டுக்கொண்டு, ஒரே சமையலறையில் வரிசையில் நின்று வாழ்ந்தன. புறநகரில் புதிய குடியிருப்புகளை அவசரமாக எழுப்பினார்கள். அங்கே ரயிலும் அவசரமாகப் போய்ச் சேர வேண்டியிருந்தது. ஒரு மாளிகை நிலையத்துக்குச் செலவிடும் பணத்தையும் நாட்களையும் கொண்டு சில எளிய நிலையங்களைக் கட்ட முடியும் என்றால், ரயிலே வராத பகுதியில் குடியிருப்பவர் எதைக் கேட்பார்? நான் அங்கே இருந்திருந்தால் பூரானைத்தான் கேட்டிருப்பேன்.

ஆனால் ஒன்றை அந்தச் சமன்பாடு கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. எல்லா நிலையங்களும் ஒரே அச்சில் வார்த்தவையானால், சன்னல் வழியே பார்ப்பவருக்கு எது எந்த நிலையம் என்று எப்படித் தெரியும்? தரைக்கு மேலே ஓடும் ரயிலில் ஓர் ஆலமரமோ பாலமோ அடையாளம் காட்டும். பாதாளத்தில் நிலையமே தன்னை அடையாளம் காட்டிக்கொள்ள வேண்டும். செய்தியியல் படித்தவர்கள் இதை வேறு விதமாகச் சொல்வார்கள்: வேறுபாடு இல்லாத இடத்தில் செய்தி இல்லை. ஆக, அலங்காரம் என்று நாம் கழித்துக்கட்டியதில் ஒரு பகுதி, பயணிக்கு வேண்டிய செய்தியாக இருந்திருக்கிறது.

இதை மலிவாகச் செய்ய முடியாதா? முடியும். லண்டனில் 1906, 1907-ஆம் ஆண்டுகளில் திறந்த பல நிலையங்களுக்கு லெஸ்லி கிரீன் என்பவர் ஓடு பதிக்கும் முறையை வகுத்தார். ஓடு எல்லா நிலையத்துக்கும் ஒன்றுதான். வண்ணமும் கோலமும் மட்டும் நிலையத்துக்கு நிலையம் மாறும். அன்றாடம் போகிறவர் பெயர்ப்பலகையைப் படிக்காமலே இறங்கிவிடலாம். மெக்சிகோ நகரில் 1969-இல் பாதாள ரயில் ஓடத் தொடங்கியபோது, எழுத்தறியாதவர்களும் வெளிநாட்டாரும் பயன்படுத்த வேண்டுமே என்று ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு படக் குறி கொடுத்தார்கள். லான்ஸ் வைமன் என்ற வடிவமைப்பாளர் வரைந்தவை அவை. சாப்புல்டெபெக் என்ற நிலையத்துக்கு வெட்டுக்கிளிப் படம்; அந்தப் பழங்குடிப் பெயருக்கு வெட்டுக்கிளிக் குன்று என்பது பொருள். கோடுகள் சில, வண்ணம் ஒன்று. அவ்வளவில் நிலையத்துக்கு முகம் கிடைத்துவிட்டது.

லண்டனிலேயே 1930-களில் சார்லஸ் ஹோல்டன் கட்டிய நிலையங்களையும் குறிப்பிட வேண்டும். 1930-இல் அவர் ஜெர்மனி, ஹாலந்து, ஸ்காண்டிநேவிய நாடுகளைச் சுற்றிவந்து, செங்கல்லும் கான்கிரீட்டும் கண்ணாடியும் கொண்டு, எளிய பெட்டிகளையும் உருளைகளையும் எழுப்பினார். ஆர்னோஸ் குரோவ் நிலையத்தின் வட்டக் கூடத்தில், நடுவே நிற்கும் ஒற்றைத் தூண் கூரையைத் தாங்குகிறது; விரித்த குடையின் காம்பு போல. சிற்பம் ஒன்றும் இல்லை. ஆயினும் ஒரு முறை பார்த்தவர் மறப்பதில்லை. நவீனப் பாணி என்றாலே பூரான்தான் என்பதில்லை.

அடுத்தது ஒலி. இதில் இரு பாணிக்காரர்களும் சேர்ந்தே தவறு செய்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம். 1895-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய விரிவுரைக் கூடம் ஒன்றில் பேச்சே புரியவில்லை என்று புகார் வந்தது. அதைச் சரிசெய்யும் வேலையை வாலஸ் சபீன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் கொடுத்தார்கள். முதுகலைப் பட்டத்தோடு நின்றவர், ஆராய்ச்சிப் பட்டம் பெறாதவர். (எங்களைப் போன்றோர்க்கு இது ஓர் ஆறுதல்!) அருகிலிருந்த அரங்கத்தின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கிவந்து அடுக்கி, ஒலி மறையும் நேரத்தை அளந்து, ஓர் எளிய விதியைக் கண்டார். கூடத்தின் கன அளவை 0.16-ஆல் பெருக்கி, சுவர்கள் ஒலியை உட்கவரும் மொத்தப் பரப்பால் வகுத்தால், எதிர்முழக்கம் எத்தனை விநாடி நீடிக்கும் என்று கிடைக்கும். அளவுகள் மீட்டரில்.

ஒரு நிலையத்தை எடுத்துக்கொள்வோம். நீளம் 160, அகலம் 16, உயரம் 8 மீட்டர் என்க. கன அளவு சுமார் 20,000 கன மீட்டர். உட்பரப்பு சுமார் 8,000 சதுர மீட்டர். சலவைக்கல்லும் பீங்கான் ஓடும் வழவழப்பான கான்கிரீட்டும் தம்மேல் விழும் ஒலியில் நூற்றுக்கு 2 பங்கு மட்டுமே உட்கவரும். மீதியைத் திருப்பி அனுப்பிவிடும். ஆக உட்கவரும் பரப்பு 160. ரயில் வந்து போகும் சுரங்க வாய்களின் வழியே தப்பும் ஒலிக்கு இன்னொரு 80 சேர்ப்போம். மொத்தம் 240. விதிப்படி எதிர்முழக்கம் 13 விநாடிக்கும் மேல்! ஒரு வாக்கியம் முடிந்து அடுத்த இரண்டு மூன்று வாக்கியங்கள் பேசும்வரை முதல் வாக்கியம் கூடத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆள் கூட்டமும் ஓரளவு ஒலியைக் குடிக்கும் என்பதால் நடைமுறையில் இவ்வளவு மோசமில்லை. இனி, பரப்பில் பாதியை மட்டும் நூற்றுக்கு 20 பங்கு உட்கவரும் துளைப் பொருளால் போர்த்துவோம். கணக்கு 3 விநாடி அளவுக்கு இறங்கிவிடும். மாளிகையின் சலவைக்கல்லும் பூரானின் பீங்கான் ஓடும் காதுக்கு ஒன்றே. கண்ணை மகிழ்விக்கவும் செலவைக் குறைக்கவும் நடந்த சண்டையில் காதைக் கேட்பாரில்லை.

ஒலியோடு ஒளியையும் சேர்த்துச் சிந்தித்த நிலையங்களைக் காண வாஷிங்டன் செல்ல வேண்டும். அந்நகரின் பாதாள ரயில் 1976 மார்ச் 27-இல் தொடங்கியது. ஹாரி வீஸ் என்ற கட்டடக் கலைஞர், பல நாடுகளின் பாதாள ரயில்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து இதை வடிவமைத்தார். தூணே இல்லாத ஒரே வளைவு. ஏறத்தாழ 183 மீட்டர் நீளம். பூசாத, வண்ணமடிக்காத கான்கிரீட். வளைவு முழுவதும் கட்டம் கட்டமாகப் பள்ளங்கள். வளைவில் கான்கிரீட்டுக்கு இழுவிசை குறைவு, அமுக்கம்தான் மிகுதி. அமுக்கத்தைத் தாங்குவதில் கான்கிரீட் வல்லது. எனவே தேவையற்ற இடங்களில் பள்ளம் விட்டுத் தன் எடையைக் குறைத்துக்கொள்ள முடிகிறது. ஒலிக்கும் இப்பள்ளங்களால் நன்மை உண்டு. வழவழப்பான வளைவு குழியாடி ஒளியைக் குவிப்பது போல ஒலியை ஓரிடத்தில் குவிக்கும். விநாடிக்கு 500 அதிர்வுள்ள பேச்சொலியின் அலைநீளம் 68 சென்டிமீட்டர். அதோடு ஒப்பிடத்தக்க அளவுள்ள பள்ளங்கள் அலையைச் சிதறடித்துவிடும்.

விளக்குகள் கண்ணில் படுவதே இல்லை. அவற்றை ஓரங்களிலும் தண்டவாளங்களுக்கு இடையிலும் மறைத்துவைத்து, ஒளியை மேல்நோக்கி அனுப்பி, வளைவிலிருந்து எதிரொளித்து இறங்கச் செய்தார்கள். இதே உபாயத்தை 1935-இல் துஷ்கின் செய்துவிட்டார். இன்று கிரபோட்கின்ஸ்கயா எனப்படும் மாஸ்கோ நிலையத்தில், பூப்போல மேலே விரியும் தூண்களின் உச்சியில் விளக்குகளை ஒளித்துவைத்தார். மாளிகைக்காரரும் கான்கிரீட்காரரும் ஒளியைப் பொறுத்தவரை ஒரே பள்ளி மாணவர்கள்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. துஷ்கினின் கூரை வெள்ளை. புதிய வெள்ளைப் பூச்சு தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு 80 பங்கைத் திருப்பித் தரும். சாம்பல் நிறக் கான்கிரீட் 30 பங்கு தந்தால் அதிகம். முதல் எதிரொளிப்பிலேயே இரண்டரை மடங்கு வேறுபாடு. மீண்டும் மீண்டும் எதிரொளிக்கும் ஒளியையும் சேர்த்தால் இன்னும் கூடும். நாளடைவில் ரயில் தடைகளின் தேய்மானத் தூள் படிந்து வாஷிங்டன் வளைவுகள் கறுத்தன. நிலையங்கள் இருட்டாக இருக்கின்றன என்ற முறையீடு ஓயவில்லை. 2017-இல் யூனியன் ஸ்டேஷன் என்ற நிலையத்தின் வளைவுக்கு நிர்வாகத்தினர் வெள்ளை அடித்தார்கள். உடனே கட்டடக் கலைஞர்கள் கொதித்தெழுந்தார்கள். கான்கிரீட்டைக் கான்கிரீட்டாகக் காட்டுவதே வீஸின் கொள்கை. அதன்மேல் வண்ணம் பூசுவது அவருடைய படைப்பை அழிப்பது என்றார்கள். அந்த வளைவின் அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் மங்கிய வெளிச்சத்தில் படி தெரியாமல் தடுமாறும் முதியவரிடம் போய், பொருளின் உண்மையைக் காட்டுகிறோம் என்று விளக்க என்னால் ஆகாது. பொருளை மறைக்காமலே தூளைக் கழுவி, விளக்கின் ஆற்றலைக் கூட்டியிருக்கலாம் என்று வாதிடலாம்; பிற்காலத்தில் பல நிலையங்களில் புதிய வகை விளக்குகள் போட்டு அந்த வழியிலும் சென்றார்கள்.

மறு எல்லையில் நிற்பது நியூயார்க்கின் உலக வர்த்தக மைய நிலையம். ஸ்பெயின் நாட்டவரான சாந்தியாகோ கலட்ராவா அதை வடிவமைத்தார். குழந்தையின் கைகளிலிருந்து பறந்தெழும் பறவை தம் மனத்தில் இருந்ததாகச் சொன்னார். வெண்ணிற எஃகு விலாக்கள் இரு புறமும் எழுந்து சிறகாக விரிகின்றன. 2004-இல் திட்டத்தை அறிவித்தபோது செலவு 200 கோடி டாலர் என்றார்கள். 2016 மார்ச்சில் திறந்தபோது அது ஏறத்தாழ 400 கோடி ஆகியிருந்தது. சிறகுகள் அசைந்து திறக்கும் என்ற முதல் எண்ணத்தையும் செலவு கருதி இடையிலேயே கைவிட்டு, உச்சியில் உள்ள கண்ணாடிக் கூரை மட்டும் திறக்கும்படி செய்தார்கள். எஃகு ஒரு டிகிரி வெப்பம் ஏறினால் பத்து லட்சத்தில் 12 பங்கு நீளும். 100 மீட்டர் நீள உத்திரம், குளிருக்கும் கோடைக்கும் இடையே 40 டிகிரி மாறினால், 48 மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும். அப்படிப்பட்ட சட்டகத்தில் திறந்து மூடும் கண்ணாடிகளின் இடுக்கை ரப்பர்ப் பட்டையால் அடைக்க வேண்டும். சில ஆண்டுகளுக்குள்ளேயே மழைநீர் கசிந்தது.

எனினும் இங்கே ஒரு செய்தியை ரசிக்காமல் இருக்க முடியாது. 2001 செப்டம்பர் 11 அன்று இரட்டைக் கோபுரங்களில் இரண்டாவது கோபுரம் சரிந்து விழுந்த நேரம் காலை 10 மணி 28 நிமிடம். ஒவ்வோர் ஆண்டும் அதே நாளில் அதே நேரத்தில் சூரிய ஒளி கூரையின் நீள் இடைவெளி வழியே இறங்கி, கூடத்தின் நடுக்கோட்டில் விழும்படி கட்டடத்தைத் திருப்பி அமைத்திருக்கிறார்கள். அன்று சூரியன் வான நடுவரையிலிருந்து சுமார் நாலரை டிகிரி வடக்கே இருக்கும். ஆண்டில் இன்னொரு நாளும் அது அங்கே இருக்கும் அல்லவா? ஏப்ரல் முதல் நாளை ஒட்டி. ஆனால் அன்று நம் கடிகாரத்தைவிடச் சூரியன் 4 நிமிடம் பிந்தியிருக்கும். செப்டம்பர் 11-இலோ மூன்றரை நிமிடம் முந்தியிருக்கும். ஆகவே ஏப்ரலில் அதே ஒளிக்கோடு விழுவது சுமார் 10 மணி 35 நிமிடத்துக்கு. மாணவர்கள் இதைப் பஞ்சாங்கத்தை வைத்துச் சரிபார்க்கலாம்.

மண்ணுக்கு அடியில் வானத்தைக் கொண்டுவர வேண்டும் என்ற ஆசை எல்லாரையும் பிடித்திருக்கிறது போலும். பல்யாகோவ் நீல ஒளி மாடம் வைத்தார். துஷ்கினும் தெய்னெகாவும் கூரையில் விமானங்களைப் பறக்கவிட்டார்கள். கலட்ராவா உண்மையான சூரியனையே அழைத்தார். இவர்களுள் குறைந்த செலவில் காரியத்தை முடித்தவர்கள் சுவீடன் நாட்டவர் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஸ்டாக்ஹோம் நகரின் அடியில் இருப்பது கருங்கல்லும் அதை ஒத்த கடும் பாறையும். வெடிவைத்துக் குடைந்தால் பாறை தன்னைத் தானே தாங்கிக்கொள்ளும். அங்கங்கே எஃகு ஆணிகளை உள்ளே செலுத்தி, மேலே கான்கிரீட்டைக் குழாய் வழியே பீய்ச்சி அடித்தால் போதும். 1970-களில் கட்டிய நிலையங்களில் அப்படியே செய்து, பாறையின் மேடு பள்ளங்களை மறைக்காமல் விட்டுவிட்டார்கள். பார்ப்பதற்கு மலைக் குகை. உணர்ச்சியை எழுப்புவதில் அதற்கு நிகரில்லை. ஆனால் சற்று எண்ணிப் பாருங்கள். எது சுமையைத் தாங்குகிறதோ அதன் வடிவமே கண்ணுக்குத் தெரிகிறது. பொய்த் தூண் இல்லை, பொய்க் கூரை இல்லை. நவீனப் பாணிக்காரர்கள் வகுத்த விதியை முழுமையாகக் கடைப்பிடித்தது இந்தக் குகைதான்! மேடு பள்ளமான பரப்பு ஒலியைச் சிதறடிப்பதும் கூடுதல் நன்மை. பிறகு ஓவியர்களை அழைத்து வண்ணம் பூசச் சொன்னார்கள். 1975-இல் திறந்த சோல்னா நிலையத்தில் கூரை முழுதும் மாலை வானச் சிவப்பு. கீழே சுவர் நெடுகப் பச்சைக் காடு.

1973-இல் திறந்த ஸ்டாடியான் நிலையத்தில் நீல நிறப் பாறைமேல் பெரிய வானவில் ஒன்றைத் தீட்டியிருக்கிறார்கள். பாதாளத்தில் இறங்க அஞ்சுவோருக்கு, வானம் தொலைவில் இல்லை என்று சொல்லுவதற்காகவாம். உண்மையான வானவில் தோன்ற வேண்டுமானால் சூரியன் நம் முதுகுக்குப் பின்னே இருக்க வேண்டும். எதிரே மழை பெய்ய வேண்டும். சூரியனுக்கு நேர் எதிரான புள்ளியிலிருந்து 42 டிகிரி கோணத்தில் வில் தெரியும். இயற்பியல் விதிப்படி வானவில் தோன்றவே முடியாத இடம் என்று ஒன்றைத் தேடினால், அது பாதாள ரயில் நிலையம்தான். அங்கே போய் வரைந்திருக்கிறார்கள்.

அந்நகரின் மைய நிலையத்தில் நீல வழித்தடத்தின் நடைமேடையைப் பெர் ஊலோஃப் உல்ட்வெட் தீட்டினார். 1975-இல் திறந்தது. வெள்ளைப் பாறைமேல் பெரிய பெரிய நீலக் கொடிகளும் இலைகளும். அன்றாடம் அவசரமாக ஓடும் கூட்டத்துக்கு மனம் சற்றே அமைதிப்பட வேண்டும் என்று அவர் அந்த நிறத்தைத் தேர்ந்தாராம். ஒரு பகுதியில் கொடியும் இல்லை, இலையும் இல்லை. ஏணியில் நிற்பவர், கருவியைத் தூக்கிப் பிடிப்பவர், குனிந்து வேலை செய்பவர் என்று ஆட்களின் நீல நிழலுருவங்கள் பாறைமேல் படிந்திருக்கின்றன. அந்த நிலையத்தைக் கட்டிய தொழிலாளர்கள் அவர்கள்.